எழுத்து ஒன்று, எண் ஒன்று: ஜூக்பாக்ஸ் கேட்ட பாட்டைப் பாடாதபோது

மே 6

ஆம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்:

“என்னிடம் சீபர்க் ஜூக்பாக்ஸ் (பட்டனை அழுத்தினால் உள்ளிருக்கும் இசைத்தட்டைப் பாடும் அமெரிக்கப் பெட்டி) ஒன்று இருக்கிறது. 160 பாட்டு. சில பட்டன்களை அழுத்தினால் ஒழுங்காகப் பாடுகிறது. சிலவற்றை அழுத்தினால் உள்ளே தட்டை எடுத்துப் பாட வைக்கும் வண்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. சில நேரம் கேட்காத பாட்டு வருகிறது. வந்து பார்த்த மெக்கானிக், நினைவகப் பெட்டி போய்விட்டது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கணினிப் பலகை வைத்துவிடலாம் என்கிறார். வைக்கலாமா?”

மே 6, இரவு

வைக்காதீர்கள். அந்தப் பெட்டியைக் கழற்றவும் விடாதீர்கள்.

எந்தப் பாட்டைக் கேட்டீர்கள் என்று நினைவில் வைப்பது அதுதான். அதற்குள் இருப்பவை ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான சின்ன வளையங்கள். பாட்டுக்கு ஒன்று என்று 160. எரிந்துபோக அதில் இழை இல்லை, தேய்ந்துபோகப் பல் இல்லை. எழுத்துப் பட்டனிலிருந்து ஒரு வழி, எண் பட்டனிலிருந்து ஒரு வழி, இரண்டும் ஒவ்வொரு வளையத்திலும் சந்திக்கின்றன. இரு வழியிலும் ஒரே நேரத்தில் மின்துடிப்பு பாய்ந்தால்தான் வளையத்தின் காந்தத் திசை புரளும். ஒரு வழியில் மட்டும் பாய்ந்தால் வளையம் அசையாது. பிறகு வண்டி, நிமிர்ந்து நிற்கும் இசைத்தட்டுகளின் ஓரமாக ஓடும்போது, அதன் தொடுமுனைகள் ஒவ்வொரு வளையத்தையும் விசாரித்துக்கொண்டே போகின்றன. புரண்டிருந்த வளையம் பழைய நிலைக்குத் திரும்புகையில் ஒரு சின்னத் துடிப்பு எழும். அதைக் கொண்டு தைரட்ரான் என்ற வால்வு ஒரு காயிலை இழுக்கும், வண்டி நிற்கும். விசாரித்த மாத்திரத்தில் பதிவு அழிந்துவிடுகிறது. அதனால்தான் ஒருமுறை கேட்ட பாட்டு ஒருமுறைதான் வருகிறது.

நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று இன்றே சோதித்துப் பாருங்கள். நான்கைந்து பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். காலையில் போட்டால் விட்ட இடத்திலிருந்து தேடிப் பாடும். எங்கள் தெருவில் மின்வெட்டு முடிந்து விளக்கு வரும்போது முதலில் அசைவது என் வீட்டு வண்டிதான்.

இந்த ஏற்பாடு 1955-இல், 200 பாட்டு கொண்ட வி-200 இயந்திரத்தோடு வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வர்ல்விண்ட் கணினிக்கு இதே வகை வளைய நினைவகம் பொருத்தப்பட்டது 1953-இல். கணினிக்கு வந்த இரண்டே ஆண்டில், காசு போட்டால் பாடும் பெட்டிக்குள்ளும் அது வந்துவிட்டது. அதைக் குப்பையில் போடச் சொல்லும் யோசனையை என்னால் ஏற்க முடியாது.

உங்கள் கோளாறு ஏறக்குறைய நிச்சயமாக அந்தப் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. எங்கே என்று இயந்திரமே சொல்லும். நாளை எழுதுகிறேன்.

மே 7

ஒரு முழுத்தாளை எடுங்கள். மேலே 1 முதல் 8 வரை எண்கள். இடப்பக்கம் உங்கள் பட்டன் பலகையில் இருக்கும் 20 ஆங்கில எழுத்துகள் (ஐ, ஓ இரண்டும் இருக்காது). மொத்தம் 160 கட்டம். ஒவ்வொன்றையும் அழுத்தி, என்ன நடந்தது என்று கட்டத்துக்குள் குறியுங்கள். பாடியதா, வண்டி ஓடி நின்றதா, வண்டி கிளம்பவே இல்லையா, வேறு பாட்டு வந்ததா. வேறு பாட்டு என்றால் எந்தப் பாட்டு என்பதையும் எழுதுங்கள். அதோடு அந்தக் கட்டத்துக்கு உரிய தட்டு வரிசையில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதும் வேண்டும். 80 தட்டு, தட்டுக்கு இரு முகம்.

முதலில் தட்டுகள் அவையவை இருக்க வேண்டிய இடத்தில், சரியான முகம் காட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். தட்டைத் திருப்பிச் செருகியிருந்தால் மறுபக்கப் பாட்டுதான் வரும். அதைக் கோளாறு என்று எண்ணிப் பெட்டியைப் பிரித்தவர்கள் உண்டு.

எந்த மூடியையும் இன்று திறக்க வேண்டாம். திறக்கும் நாள் வரும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பிடுங்கிய கையோடு உள்ளே தொடாதீர்கள். பெரிய கன்டென்சர்கள் மின்சாரத்தை வெகுநேரம் பிடித்து வைத்திருக்கும். மின்தடை (ரெசிஸ்டர்) ஒன்றின் வழியாக அதை வெளியேற்றி, மீட்டரில் சுழி காட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும். இதில் எந்தச் சமாதானமும் கிடையாது.

மே 9

பட்டியல் வந்து சேர்ந்தது. அழகாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் உற்சாகம் தாங்கவில்லை, ஏனென்றால் இதில் ஒரு கோளாறு இல்லை, மூன்று இருக்கின்றன. அவை ஒன்றன் மேல் ஒன்று படிந்துகிடந்ததால்தான் உங்கள் மெக்கானிக்குக் குழப்பம்.

6 என்ற எண்ணின் கீழ் உள்ள 20 கட்டமும் ‘வண்டி ஓடி நின்றது’. எழுத்து எதுவானாலும் 6 செத்துக்கிடக்கிறது. 20 வளையங்கள் கூடிப் பேசி ஒரே நாளில் வேலையை நிறுத்தாது. அந்த 20-க்கும் பொதுவானது 6-ஆம் எண்ணின் வழி ஒன்றுதான். பட்டனுக்கு அடியிலுள்ள காண்டாக்ட், அங்கிருந்து போகும் வயர், வழியிலுள்ள பிளக், இந்த மூன்றைத் தவிர வேறெங்கும் தேடாதீர்கள்.

அடுத்தது, வரிசையின் இடக்கோடியில் அடுத்தடுத்து நிற்கும் தட்டுகள். உங்கள் தாளில் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறித் தெரிகின்றன. நீங்கள் இட எண்ணையும் எழுதியதால்தான் பிடிபட்டது. பட்டன் பலகையில் ஒட்டுறவு இல்லாத கட்டங்கள், தட்டு வரிசையில் மட்டும் அண்டைவீட்டார். அப்படியானால் பதிவு நன்றாக நடக்கிறது, வண்டி அந்தக் கோடிக்குப் போகும்போது படிப்பதில்தான் சிக்கல்.

மூன்றாவது எச்-3. தன்னந்தனியாக நிற்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

கேட்காத பாட்டு வந்த கட்டங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மே 10

6-ஆம் பட்டன்.

பலகையின் பின்மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு பட்டனுக்கும் மெல்லிய தகடுகள் இணையாக நிற்பது தெரியும். பட்டனை அழுத்தும்போது இரு தகடுகளின் நுனியில் உள்ள சிறு பொட்டுகள் ஒன்றையொன்று தொட வேண்டும். டார்ச் அடித்து 5-ஐ அழுத்திப் பாருங்கள், பிறகு 6-ஐ. தொடுகிறதா, தொட்டும் தொடாமலும் நிற்கிறதா?

தொடுகிறது என்றால் ஒரு வெள்ளை விசிட்டிங் கார்டைக் குச்சிபோல் நறுக்கி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, பொட்டுகளுக்கு நடுவில் செருகி, பட்டனை மெல்ல அழுத்திப் பிடித்தபடி கார்டை உருவுங்கள். முதல் தடவை கார்டின் மேல் கண்மை இழுத்தாற்போலக் கறுப்புக் கோடு வரும். கார்டு வெள்ளையாகவே வெளிவரும் வரை புதுப்புதுத் துண்டாக மாற்றுங்கள். வெள்ளியின் மேல் படிந்த கறையும் அறுபது ஆண்டு விரல் பிசுக்கும் அந்தக் கோட்டில் இருக்கின்றன. ஆல்கஹால் வேலூர் லாங் பஜாரில் கிடைக்கும், சாரதி மாளிகையில் செல்போன் பழுதுபார்க்கும் கடைகளிலும் சிறு குப்பியில் தருவார்கள்.

மே 10, சற்று நேரம் கழித்து

உப்புத்தாள் கூடாது. அரம் கூடவே கூடாது. பொட்டின் மேல்பூச்சு போய்விட்டால் இன்றைக்கு நன்றாக இருக்கும், மழைக்காலத்தில் மறுபடி கறுத்து முன்னிலும் மோசமாகும்.

மே 12

6 பாடுகிறது என்று செய்தி. இருபதும்!

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். என் இயந்திரம் கோலார் தங்கவயலில் ஒரு வீட்டை ஒழித்தபோது கிடைத்தது. சுரங்கம் 2001-இல் மூடியபின் அங்கிருந்து சாமான்கள் எங்கெங்கோ போயின. இந்தப் பெட்டி ஒரு மினி லாரியில் வாணியம்பாடி வழியாக வேலூர்த் தோட்டப்பாளையத்துக்கு வந்து சேர்ந்தது. வந்த நாளிலிருந்து எம் என்ற எழுத்தில் எட்டுப் பாட்டும் இல்லை. காண்டாக்டைத் துடைத்தேன், பளபளவென்று இருந்தது, பாட்டு வரவில்லை. பலகையிலிருந்து கீழே இறங்கும் வயர்க் கற்றையை விரலால் நீவிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் நெருடியது. எலி கடித்திருக்கிறது. மேலுறையைக் கொறித்து, கற்றையில் அந்த ஒரே வயரைத் துண்டித்திருக்கிறது. எட்டுப் பாட்டுக்கு ஒரு பற்றவைப்பு போதுமானதாக இருந்தது. ஒரு முழு வரிசை செத்திருந்தால் மனம் தளராதீர்கள், பழுதுகளில் மிகச் சுலபமானது அதுதான்.

மே 15

கேட்காத பாட்டு.

வந்த பாட்டு எதற்குப் பக்கத்து வீடு என்று பாருங்கள். பட்டன் பலகையில் பக்கத்திலா, தட்டு வரிசையில் பக்கத்திலா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதிக் கதவுகளை மூடிவிடலாம்.

தட்டு வரிசையில் பக்கத்து இடம் என்றால் பதிவும் சரி, படித்ததும் சரி, நிறுத்தம்தான் தாமதம். காயில் இழுத்தும் நிறுத்தும் நெம்புகோல் சோம்பலாக விழுகிறது, அதற்குள் வண்டி ஓர் இடம் தாண்டிவிடுகிறது. அங்கே பழைய கிரீஸ் புளியம்பிசின் போல இறுகியிருக்கும்.

பட்டன் பலகையில் பக்கத்து எழுத்து அல்லது எண் என்றால், முன்பு அழுத்திய பட்டன் முழுதாக வெளியே வராமல் அரைகுறையாக நிற்கிறது. இரண்டு எழுத்துகளின் வழியும் ஒருசேரத் திறந்திருந்தால் துடிப்பு இரண்டிலும் பிரியும். சில வேளை இரண்டு பாட்டும் பதியும், சில வேளை ஒன்றுமே பதியாது. அழுத்திவிட்ட பிறகு பட்டன்களின் முகங்கள் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்.

மே 16

ஆம்பூர்க்காரருக்குத் தட்டு வரிசையில் பக்கத்து இடம்தான். இடக்கோடிப் பிரச்சினையோடு சேர்த்தே பார்க்கலாம், இரண்டுக்கும் வண்டியை அணுகவேண்டும்.

மே 19

முன்பு எழுதியதற்கெல்லாம் முன்னால் வைக்க வேண்டிய ஒன்று இப்போது தோன்றுகிறது.

நேற்று அவர் மீண்டும் எழுதினார். பகலில் நன்றாகப் பாடுகிறது, இரவு எட்டு மணிக்கு உறவினர்கள் வந்து உட்கார்ந்தபோது பத்துப் பாட்டில் நான்கு பதியவில்லை, நள்ளிரவில் மறுபடி எல்லாம் சரி என்கிறார். பட்டியலில் எந்த ஒழுங்கும் இல்லை, கட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

அக்னி நட்சத்திரம் நடக்கிறது. நம் வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வீடு ஏ.சி. ஓடுகிறது. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த இயந்திரம் 117 வோல்ட் கேட்கும். நாம் வைத்திருக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வருவதைப் பாதியாக்கித் தருகிறது. 230 வந்தால் 115. 180 வந்தால்? 90. பதிவுத் துடிப்பு ஒரு கன்டென்சரில் சேர்ந்து வெளிப்படுவது. சேரும் வோல்ட் குறைந்தால் துடிப்பும் மெலியும். வளையமோ பாதி புரளும் வழக்கம் இல்லாதது. வேண்டிய அளவு மின்சாரம் வந்தால் புரளும், கொஞ்சம் குறைந்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த விளிம்பில் இயந்திரம் நிற்கும்போது எந்தப் பாட்டு பதியும், எது பதியாது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே பட்டியல் போடுவதற்கு முன்னால் மீட்டரைச் செருகி வோல்ட்டைப் பாருங்கள், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள். குறைந்தால் நல்ல ஸ்டெபிலைசர் வையுங்கள். வோல்ட் சரியாக இருந்தும் ஒழுங்கில்லாமல் தவறினால் அந்தக் கன்டென்சரே உலர்ந்திருக்கும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கலாம், காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். மைக்ரோஃபாரட் அதே அளவு, தாங்கும் வோல்ட் அதே அளவு அல்லது கூடுதல். பெரிதாகப் போட்டால் வேகமாகப் பதியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மே 20

குடியாத்தத்திலிருந்து ஒரு கேள்வி: பாட்டெல்லாம் சரியாகத் தேர்வாகிறது, ஆனால் பாடகியின் குரல் ஆண் குரல் மாதிரி கனத்து வருகிறது, டிரான்ஸ்பார்மர் மாற்ற வேண்டுமா?

மாற்றிப் பயனில்லை. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், சைக்கிளை, அதாவது நொடிக்கு எத்தனை மின்னலை என்பதை, மாற்றாது. மோட்டார் 60 சைக்கிளுக்குச் செய்தது, நம் மின்சாரம் 50. நிமிடத்துக்கு 45 சுற்ற வேண்டிய தட்டு 37.5 சுற்றுகிறது. சுருதி ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும், தாளமும் தொய்யும். இயந்திரத்தின் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். வெளிநாடுகளுக்கென்று 50 சைக்கிளில் செய்தவையும் உண்டு. உங்களுடையது 60 என்றால் மோட்டாரிலிருந்து விசை போகும் இடத்தில் விட்டத்தை 6-க்கு 5 என்ற கணக்கில் மாற்ற வேண்டும். ராணிப்பேட்டையில் நல்ல லேத் பட்டறைகள் இருக்கின்றன. அளவெடுத்துப் படம் போட்டுக்கொண்டு போங்கள், பழைய உறுப்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள், அதைக் கடைந்து பார்க்க மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

மே 28

வண்டி.

இடக்கோடிக்கு வண்டியை நகர்த்தி நிறுத்துங்கள், பிளக்கைப் பிடுங்கியபின். வண்டியோடு நகரும் சிறு கட்டையில் ஸ்பிரிங் வைத்த தொடுமுனைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் விரல்நுனியால் அமுக்கிவிடுங்கள். பட்டென்று திரும்பி வர வேண்டும். உள்ளேயே தங்கினாலோ மெதுவாக எழுந்தாலோ அதுதான் குற்றவாளி. எண்ணெய் விடாதீர்கள். ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் கழுவி, அமுக்கி விட்டு, மறுபடி கழுவுங்கள். அவை உரசிப் போகும் தொடுமுனை வரிசையையும் பஞ்சால் துடையுங்கள், பஞ்சு நார் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

எல்லா இடத்திலும் படித்து ஒரு கோடியில் மட்டும் படிக்கவில்லை என்றால் அழுக்கு மட்டும் காரணமாக இருக்காது. தண்டவாளத்தின் அந்த முனையில் வண்டி இம்மியளவு விலகி ஓடுகிறது. அங்கும் பழைய கிரீஸ் கட்டியாகி வண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். முதலில் அதைச் சுரண்டி எடுங்கள், மரக்குச்சியால். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். அதன் பிறகும் படிக்கவில்லை என்றால்தான் திருகாணிகளில் கை வைப்பது. வைக்கும் முன் ஒவ்வொரு திருகாணியும் நிற்கும் நிலையைப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மே 30

கிரீஸை எடுத்ததிலேயே இடக்கோடி சரியாகிவிட்டதாம். திருகாணிக்குப் போகவில்லை. அதே நாளில் நிறுத்தும் நெம்புகோலின் அச்சையும் கழுவி ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டிருக்கிறார், பக்கத்து வீட்டுப் பாட்டு வருவதும் நின்றது.

நினைவகப் பெட்டி தூக்கிப் போடப்பட்டிருந்தால், புதுப்பலகைக்கும் இதே வண்டி, இதே கிரீஸ், இதே 6-ஆம் பட்டன். செலவு மட்டும் ஆகியிருக்கும்.

ஜூன் 3

எச்-3.

தனியாக நிற்கும் கட்டத்தில் இரண்டு சோதனை. வண்டி அந்த இடத்தில் நிற்கிறதா? நின்றும் பாட்டு வரவில்லை என்றால் தேர்வில் குறையில்லை, தட்டைப் பாருங்கள். நம்மூர்த் தட்டுகளில் சின்னத் துளையோடு வந்ததை யாரோ பெரிய துளையாக வெட்டியிருப்பார்கள். ஜூக்பாக்ஸுக்கு ஒன்றரை அங்குலத் துளை வேண்டும். கோணலாக வெட்டிய தட்டு சரியாக உட்காராது. வேறு தட்டை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வண்டி நிற்கவே இல்லை என்றால் அந்த ஒரு வளையத்துக்கு உரிய தொடுமுனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அதன் பின்னாலிருக்கும் பற்றவைப்பையும்.

ஜூன் 4

நிற்கவில்லை என்கிறார். தொடுமுனை சுத்தமாக இருக்கிறதாம். அப்படியானால் பற்றவைப்பு. படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 11

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈயப் பொட்டைச் சுற்றி முடியிழை போல ஒரு வட்டம். வயர் ஈயத்துக்குள் உட்கார்ந்திருப்பதாகத் தெரிகிறது, ஆனால் ஒட்டவில்லை. சிறிய முனையுள்ள சால்டரிங் இரும்பு, கொஞ்சம் ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை), இரண்டு நொடி. அதற்கு மேல் சூடு காட்டக்கூடாது, வளையத்துக்குப் போகும் கம்பி மிக மெல்லியது. வேலை முடியும்வரை மின்விசிறியை அணைத்து வையுங்கள், ஈயம் காற்றில் சீக்கிரம் இறுகினால் மறுபடி இதே விரிசல் வரும்.

இந்த ஒன்றை நீங்களே செய்ய வேண்டாம் என்று நினைக்கிறேன். பழைய ரேடியோ பழுதுபார்த்துக் கைப்பழக்கம் உள்ள பெரியவர் யாராவது ஆம்பூரில் இருப்பார். அவரை வீட்டுக்கு அழைத்து வாருங்கள், பெட்டியை அவர் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஜூன் 15

160.

நவம்பர் 2

மழை தொடங்கியதும் மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஒரே மாதிரி: நேற்றுவரை பாடிய நான்கைந்து எழுத்துகள் ஒருசேரப் போய்விட்டன. ஒரு வரிசை என்றால் வயர் அல்லது காண்டாக்ட். பல வரிசைகள் ஒரே நாளில் என்றால் அவை எல்லாம் கூடும் பிளக். பிளக்கைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள், ஈரத்தில் பச்சை பூத்திருக்கும். கார்டும் ஆல்கஹாலும் போதும். மாட்டும்போது அழுத்தமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள், தொளதொளவென்று இருந்தால் சாக்கெட்டின் பிடிகளை ஊசிமுனையால் மெல்ல நெருக்குங்கள்.

நவம்பர் 3

ஆற்காட்டிலிருந்து ஒருவர், தன்னிடம் இருப்பது 24 பாட்டு வுர்லிட்சர் ஜூக்பாக்ஸ், 1946-இல் வந்த 1015 மாதிரி, அதற்கும் இந்தக் கட்டப் பட்டியல் உதவுமா என்று கேட்கிறார்.

உதவாது. அதில் எழுத்தும் எண்ணும் சந்திக்கும் இடமே கிடையாது. பாட்டுக்கு ஒரு பட்டன், தட்டுக்கு ஒரு தாம்பாளம், அதுவும் ஒரு முகம் மட்டுமே பாடும் 78 சுற்றுத் தட்டு. தேர்ந்த தாம்பாளம் வெளியே திரும்பி வரும், சுழல்மேடை கீழிருந்து எழுந்து தட்டைத் தூக்கும். ஒரு பாட்டு தவறினால் அந்தப் பட்டனையும் அந்தத் தாம்பாளத்தையும் மட்டும் பாருங்கள். எல்லாம் தவறினால் வோல்ட்டிலிருந்து தொடங்குங்கள். கிரீஸைப் பற்றி எழுதியது அதற்கும் அப்படியே பொருந்தும். எந்தப் பட்டன், தாம்பாளம் பாதி வந்து நிற்கிறதா, அசையவே இல்லையா என்று எழுதி அனுப்புங்கள், பார்ப்போம்.